வேட்பாளருக்குப் பக்கத்தில் நின்றவர்

எங்கள் நானா ஒருவரைப் பற்றிச் சொல்லும்போது அவர் என்ன பேசினார் என்று சொல்லமாட்டார். மற்றவர் பேசும்போது அவர் என்ன செய்துகொண்டு நின்றார் என்பதைத்தான் சொல்வார்.

"பேசேக்க ஆரின்ர குணமும் தெரியாது, தங்கச்சி. வாயை மூடிக்கொண்டு நிக்கேக்கதான் தெரியும்" என்பார்.

ஊரைவிட்டு இந்தக் குளிர் நாட்டுக்கு வந்தபிறகு நாங்கள் வெக்ஸ்போர்டில் ஒரே கட்டடத்தில் இருந்தோம். அவருக்கு மிசிசாகாவில், விமான நிலையத்தில் வேலை. நடக்க முடியாத பயணிகளைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டுபோய் விமான வாசலில் விடுவார். அவருடைய மனைவியும் நானும் அதற்குப் பக்கத்தில், விமானங்களுக்குச் சாப்பாடு கட்டும் சமையற்கூடத்தில் இருந்தோம். அவரை நானா என்றும் அவவை ராத்தா என்றும்தான் கூப்பிடுவேன்; முஸ்லிம் சனம் அண்ணாவையும் அக்காவையும் அப்படித்தான் கூப்பிடும். நானாவின் பழைய வான் வண்டியில் மூன்று பேரும் ஒன்றாகப் போவோம், ஒன்றாகத் திரும்புவோம். நெடுஞ்சாலையில் வாகனங்கள் ஊர்ந்துகொண்டிருக்கும். நானா கதை சொல்லிக்கொண்டு வருவார்.

அவர் மன்னார்க்காரர். ஊரில் பள்ளிக்கூடத்தில் சிங்களம் படிப்பித்தவர். ஜனாதிபதித் தேர்தல் வந்தால் தெற்கிலிருந்து வேட்பாளர்கள் தமிழ்ச் சனம் இருக்கும் ஊர்களுக்கும் வருவார்கள். ஒரு வசனத்தைச் சிங்களத்தில் சொல்லி நிறுத்துவார்கள். பக்கத்தில் நிற்பவர் அதைத் தமிழில் சொல்லவேண்டும். சொல்லி முடிக்கும்வரை வேட்பாளர் சும்மா நிற்கவேண்டும். எந்தக் கட்சியாக இருந்தாலும் அந்தப் பக்கங்களில் நானாவைத்தான் தேடி வருவார்களாம். அவர் குரல் அப்படி. விமான நிலையத்தில் அவர் "வழி விடுங்கோ" என்று மெதுவாகச் சொன்னாலே முன்னால் போகிற கூட்டம் விலகும் என்று ராத்தா சொல்வா.

அந்தச் சும்மா நிற்கிற நேரத்தில் நானா பக்கத்தில் நின்று பார்த்தவர். ஒருவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தாராம். ஒருவர் பின்னால் திரும்பி மெய்க்காவலரிடம் மத்தியானச் சாப்பாடு எங்கே என்று கேட்டாராம். இன்னொருவர் நானாவின் வாயைப் பார்த்துச் சின்னப்பிள்ளை மாதிரி உதட்டை அசைத்துப் பார்த்தாராம், தமிழ்ச் சொல் ஏதாவது பிடிபடுமா என்று.

ஒரு கூட்டத்தில் நானா சொன்ன விதத்தில் சனம் சிரித்துவிட்டது. வேட்பாளர் பகிடி எதுவும் சொல்லியிருக்கவில்லை. உடனே ஒலிவாங்கியைப் பறித்து, "நீ என்ன சொன்னாய்?" என்று எல்லோருக்கும் முன்னால் கேட்டாராம். அதற்குப் பிறகு கூட்டம் முடியும்வரை அவர் சனத்தைப் பார்க்கவேயில்லை. நானாவின் வாயைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாராம்.

"அந்தாள் வெண்டவரோ, நானா?"

"வெல்லேல்ல. அல்லாஹ் காப்பாத்தினான்."

இன்னொருவர், நானா தமிழில் சொல்லிக்கொண்டிருக்கும்போது மேடையிலிருந்து இறங்கிப்போய், வெயிலில் நின்ற ஒரு கிழவிக்குத் தன்னுடைய கதிரையைக் கொடுத்துவிட்டு வந்தாராம். யாரும் படம் எடுக்கவும் இல்லையாம்.

"அவர் வெண்டவரோ?"

"கட்டுக்காசும் போச்சுது."

பின் இருக்கையிலிருந்து ராத்தா சொன்னா: "இவர் நல்லவரெண்டு சொன்ன ஒரு மனுசனும் வெண்டதில்ல, புள்ள. எங்களைப் பற்றி ஒண்டும் சொல்லிடாதீங்க எண்டு கட்சிக்காரர் வீட்டுக்கு வந்து கெஞ்சுவாங்க."

இங்கே எங்களுக்குப் பக்கத்து நாட்டில் ஜனாதிபதித் தேர்தல் நடந்த வருடம் எங்கள் சமையற்கூடத்து ஓய்வறையில் தொலைக்காட்சியில் இரண்டு வேட்பாளர்களின் விவாதம் ஓடியது. நானா எங்களைக் கூட்டிப்போக வந்து நின்றார். பேசுகிறவரை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். நானா பேசாமல் நின்றவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். யார் நல்லவர் என்று கேட்டேன். தன்னைக் கேட்கத் தேவையில்லை என்று தலையை ஆட்டினார்.

"எங்கட நாட்டிலயும் ரெண்டு பேரையும் இப்பிடி ஒண்டா நிப்பாட்டிக் காட்டியிருந்தா, என்னட்ட ஒருத்தரும் வந்து கேட்டிருக்காயினம்" என்றார்.

அவருடைய அளவுகோல் வேட்பாளர்களுக்கு மட்டுமல்ல. எங்கள் சமையற்கூடத்துக்குப் புதிதாக வந்த மேற்பார்வையாளர் சத்தம் போடுகிற ஆள். எல்லோரும் அவருக்குப் பயம். ஒருநாள் வாசலில் எங்களோடு வேலை செய்த ஒரு வயதுபோன அம்மா அவரிடம் ஏதோ கேட்க, ஆங்கிலச் சொல் வராமல் திக்கிக்கொண்டு நின்றா. நானா வானுக்குள் இருந்து பார்த்திருக்கிறார்.

"அவன் நல்லவன், தங்கச்சி" என்றார். "அந்த மனுசி சொல்லைத் தேடேக்க அவன் தானே எடுத்துச் சொல்லி அவசரப்படுத்தேல்ல. நேரத்தையும் பாக்கேல்ல. சத்தம் போடட்டும், பரவாயில்ல."

நான் நம்பவில்லை. அடுத்த வருடம், போர் முற்றி வன்னியில் சனம் கடற்கரைப் பக்கமாக ஒதுங்கி ஒதுங்கிப் போன மாதங்களில், நான் வேலையில் நின்றபடி அழுதுவிடுவேன். அந்த மேற்பார்வையாளர் ஒருநாள் என் கையிலிருந்த தட்டை வாங்கி வைத்துவிட்டு, வீட்டுக்குப் போ, எப்போது முடியுமோ அப்போது வா என்றார். நான் கேட்கவில்லை. அவராகத்தான் சொன்னார்.

வன்னிக்குள் அகப்பட்டிருந்தது என் அக்கா. அவளுக்குக் கணவர் இல்லை. ஒரே மகன்.

அந்த நாட்களில் போரை நிறுத்தச் சொல்லி எங்கள் சனம் நகரத்தின் நடுவில் வீதியில் கூடி நிற்கும். குளிருக்குள் பிள்ளைகளையும் கொண்டு நிற்பார்கள். என் கணவர் தினமும் வேலையால் நேரே அங்கே போவார். எனக்கு வாகனம் ஓடத் தெரியாது. ஒரு சனிக்கிழமை நானாவே வந்து, "வாங்க, நான் கொண்டுபோய் விடுறன்" என்றார்.

வீதியோரமாக வானை நிறுத்தினார். நான் இறங்கினேன். அவர் இறங்கவில்லை.

"நானா, நீங்கள் வரேல்லையோ?"

அவர் கூட்டத்தைப் பார்த்தார். இயக்கத்தின் கொடிகளைப் பார்த்தார்.

"அந்தக் கொடி நிக்கிற இடத்துக்கு என்னால வரேலாது, தங்கச்சி. எங்களைப் போகச் சொல்லேக்க அதுதான் அவங்கட கையில இருந்தது. உங்கட அக்கா உள்ளுக்க கிடக்கிறா. நீங்க போங்க. நான் இதில நிக்கிறன்."

எனக்கு அது தெரியாத கதையல்ல. வடக்கிலிருந்த முஸ்லிம் சனத்தை, ஆயுதம் தூக்கிய எங்கள் தமிழ் இயக்கம் ஒரேயடியாக வெளியேறச் சொன்னபோது, நானாவின் குடும்பம் கையில் எடுத்ததோடு படகேறிக் கற்பிட்டிக்குப் போனது. பிறகு புத்தளத்தில் ஓலைக் கொட்டிலில் முகாம் வாழ்க்கை. ஆனால் அவர் அதை என்னிடம் சொன்னது அன்றைக்குத்தான். அதுவும் அவ்வளவுதான். பொழுதுபடும்வரை அந்த வானுக்குள்ளேயே இருந்தார். நான் திரும்பி வந்தபோது போத்தலில் தேநீர் வைத்திருந்து ஊற்றித் தந்தார்.

வீட்டில் என் கணவர் சொன்னார்: "அவருக்கென்ன, எங்கட சனம் படுற பாட்டில உள்ளுக்க சந்தோசமாத்தான் இருக்கும்."

நான் குளிர் உடுப்பைக் கழற்றி மாட்டினேன்.

மே மாதம் எல்லாம் முடிந்தது. அக்கா உயிரோடு வெளியே வந்தாள். வருகிற வழியில் இராணுவம் ஒலிபெருக்கியில் அறிவித்ததாம், இயக்கத்தில் ஒருநாள் இருந்தவர்கள்கூடப் பெயரைப் பதியவேண்டும், விசாரித்துவிட்டு விடுவோம் என்று. அவளுடைய மகனைக் கடைசி மாதங்களில் இயக்கம் பிடித்துக்கொண்டுபோய் வைத்திருந்து, அவன் தப்பி ஓடி வந்தவன். அவன் போகமாட்டேன் என்று நின்றிருக்கிறான். அக்காதான், "பதிஞ்சிட்டு வா ராசா, ஒளிச்சால்தான் பிரச்சினை" என்று அனுப்பினாள். அவனையும் மற்றப் பிள்ளைகளையும் பஸ்ஸில் ஏற்றினார்கள். பஸ் போனதை அவள் பார்த்தாள். அவளை முகாமுக்குக் கொண்டுபோனார்கள்.

அடுத்த தை மாதம் ஜனாதிபதித் தேர்தல். போரை நடத்திய இரண்டு பேர் ஒருவருக்கெதிராக ஒருவர் நின்றார்கள். அக்கா யாருடையதோ கைத்தொலைபேசியிலிருந்து எனக்கு அழைப்பு எடுத்தாள்.

"இஞ்ச ரெண்டு பக்கத்தாலயும் வந்து வோட்டுக் கேக்கினம். தாங்கள் வந்தா பிள்ளையளை விடுவினமாம். நீங்கள் அங்க ரிவி எல்லாம் பாக்கிறனீங்கள். உவையில ஆர் கொஞ்சமெண்டாலும் மனமிரங்கிற ஆள் எண்டு சொல்லு."

"ரெண்டும் ஒண்டுதான், போடவேண்டாமெண்டு சொல்லு" என்றார் என் கணவர்.

எனக்கு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. நானா எங்களோடு வானில் வருகிறவர். வேட்பாளர்களின் மூச்சுச் சத்தம்வரை கேட்டவர். நான் அவரிடம் கேட்டேன். எப்போதும் கேள்வி முடியமுன்னமே பதில் வைத்திருக்கிற மனிதர் அன்று ஓட்டிக்கொண்டே போனார். நெடுஞ்சாலையிலிருந்து இறங்கியபிறகுதான், "எனக்குக் கொஞ்ச நாள் தாங்க" என்றார்.

அந்த நாட்களில் அவர் வேலை முடிந்து வந்தால் கணினிக்கு முன்னால்தான் இருப்பார். இரண்டு பேருடைய சிங்களப் பேச்சுக்களையும் தேடித் தேடிப் பார்த்தார். நானும் ஒருநாள் பக்கத்தில் இருந்தேன். ஓரிடத்தில் நிறுத்துவார், பின்னுக்கு இழுத்துத் திரும்பப் பார்ப்பார். ராத்தா பிளேன்ரீயை வைத்துவிட்டு, "மாப்பிள்ளை பாக்கிறார்" என்றா. அவர் சிரிக்கவில்லை.

தொலைபேசியில் அக்காவோடு தானே கதைப்பதாகச் சொன்னார். அதற்கு முதல்நாள் வானில் ஒரு கதை சொன்னார். அதை அதற்குமுன் எங்களுக்குச் சொன்னதில்லை.

புத்தளத்தில் அவர்கள் முகாமில் இருந்த காலத்தில் ஒரு வேட்பாளர் வந்தார். இன்றைக்கு யாருக்கும் அவருடைய பெயர் நினைவில்லை. முகாமிலேயே சிங்களம் நன்றாகத் தெரிந்தவர் என்று நானாவைப் பிடித்துப் பக்கத்தில் நிறுத்தினார்கள். அந்த மனிதருக்கு வெயில் தாங்கவில்லை. ஒலிவாங்கியைக் கையால் பொத்திக்கொண்டு, "இதுகளுக்கு இருக்க இடம் குடுத்தாச்சுத்தானே. இன்னும் என்ன? ஏதாவது நல்லதாச் சொல்லி முடி" என்றார்.

"நான் சொன்னன்" என்றார் நானா. "உங்கட துன்பம் என்ர துன்பம், நீங்க ஊருக்குத் திரும்பிப் போகும்வரைக்கும் எனக்கு நித்திரை இல்ல எண்டு சொன்னன். சனம் அழுதது. எங்கட உம்மா முன்னுக்கு இருந்தவ. கையேந்தி அந்தாளுக்கு துஆ கேட்டா. அண்டைக்கு மட்டுமில்ல. மௌத்தாகி மண்ணுக்குப் போகும்வரைக்கும் கேட்டா. அது அவன் சொன்னதில்ல உம்மா, நான் சொன்னது எண்டு கடைசிவரைக்கும் நான் சொல்லேல்ல."

ராத்தா வெளியே பார்த்துக்கொண்டிருந்தா. அவவுக்கும் அது அன்றைக்குத்தான் தெரியும் என்று பிறகு சொன்னா.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டில், மேசையில் தொலைபேசியை வைத்து எல்லோரும் கேட்கும்படி போட்டோம்.

"நானா, தங்கச்சி உங்களைப் பற்றி நெடுகச் சொல்லுவாள்" என்றாள் அக்கா. "நீங்கள் உப்பிடியான ஆக்களோட பக்கத்தில நிண்டனீங்களாம்."

"இந்த ரெண்டு பேரோடயும் நிக்கேல்ல. வேற ஆக்களோட."

"பரவாயில்லை. எனக்கு அரசியல் ஒண்டும் வேண்டாம். என்ர பிள்ளையை ஆர் விடுவினம் எண்டு மட்டும் சொல்லுங்கோ."

நானா இரண்டு கைகளையும் மேசையில் வைத்துக்கொண்டார்.

"நான் நல்லாப் பாத்தனான், தங்கச்சி. ரெண்டு பேரும் கோபப்பட்ட இடமும் இருக்கு, சிரிச்ச இடமும் இருக்கு. ஆனா உங்கட சனத்தின்ர கதை வாற இடத்தில ரெண்டு பேரின்ர முகத்திலயும் எனக்கு ஒண்டும் தெரியேல்ல. வெறுப்பெண்டாலும் தெரிஞ்சிருந்தா ஏதாவது சொல்லியிருப்பன். ஒண்டுமே இல்ல. வோட்டை ஆருக்கெண்டாலும் போடுங்க. ஆனா போட்டிட்டு, அந்தாள் விடுவாரெண்டு வீட்டில இருக்காதீங்க. பிள்ளையின்ர பேரைக் கொண்டு ஒவ்வொரு இடமாப் போய்ச் சொல்லுங்க."

பிறகு அக்கா சொன்னாள்: "நான் உங்களிட்ட உதைக் கேக்கேல்லை."

தொலைபேசி அறுந்தது. நானா அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேற மாதிரிச் சொல்லியிருக்கலாம் நீங்க" என்றா ராத்தா.

"சொல்லியிருக்கலாம்" என்றார்.

தேர்தல் வந்தது, போனது. ஒருவர் வென்றார். அக்காவின் மகன் வரவில்லை. அக்கா மாதக்கணக்காக என்னோடு கதைக்கவில்லை.

அவளை முகாமிலிருந்து கிளிநொச்சிக்கு விட்டபிறகு, நானாவும் ராத்தாவும் ஊர் பார்க்கப் போனார்கள். மன்னாரில் அவர்களுடைய காணிக்குள் பற்றை வளர்ந்து, வீட்டின் வாசல்படி மட்டும் மிச்சம் இருந்ததாம். அதற்குப் பிறகு அவர் எங்கே போனார் என்பது எனக்கு அக்கா தொலைபேசி எடுத்தபோதுதான் தெரியும்.

"உன்ர நானா வந்து வீட்டு முத்தத்தில நிக்கிறார்" என்றாள். கோபமா என்று குரலில் தெரியவில்லை. "பஸ்ஸில வந்திருக்கிறார். நான் இருக்கச் சொல்லேல்லை. அவராத்தான் இருந்தார்."

அந்தக் கிழமை, காணாமல்போனவர்களைப் பற்றி விசாரிக்கக் கொழும்பிலிருந்து சிலர் வந்திருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் கொஞ்ச நேரம்தான். அக்காவோடு நானா போனார். அவள் தமிழில் சொன்னதை அவர் சிங்களத்தில் சொன்னார். பதியச் சொல்லித் தானே மகனை அனுப்பியதையும் அவள் சொன்னாளாம். அதை எனக்குக்கூட அவள் ஒருதரம்தான் சொல்லியிருக்கிறாள்.

"எனக்குச் சிங்களம் தெரியாது" என்றாள் அக்கா. "ஆனா நான் சொன்னதில ஒண்டையும் அவர் விடேல்லை. நான் எவ்வளவு நேரம் சொன்னனோ அவ்வளவு நேரம் அவரும் சொன்னவர்."

அவர்கள் திரும்பி வந்தபிறகு நாங்கள் பழையபடி வேலைக்குப் போனோம். நானா ஊரைப் பற்றி அதிகம் கதைக்கவில்லை. விசாரிக்க வந்தவர்கள் எப்படி என்று ஒருநாள் நான்தான் கேட்டேன்.

"அக்காவிட்ட கேட்ட மனுசன் நல்லவர்" என்றார். "நான் கண்ட ஆக்களுக்குள்ள அப்பிடிக் கேட்டவர் ஒருத்தரும் இல்ல. நான் சிங்களத்தில சொல்லி முடிச்ச பிறகும் உங்கட அக்காவின்ர முகத்தைத்தான் பாத்துக்கொண்டிருந்தார். கண் கலங்கியிருந்தது."

"அப்ப ஏதாவது நடக்குமோ?"

வான் ஊர்ந்தது. முன்னால் போன லொறியின் சிவப்பு விளக்கு எரிந்து அணைந்தது.

"ஒண்டும் நடக்காது, தங்கச்சி. அது அவருக்கும் தெரியும். நல்ல மனுசன்தான். அதால ஒண்டும் ஆகாது எண்டு எனக்கு இவ்வளவு காலமாத் தெரியாமப் போச்சுது."

அதற்குப் பிறகு அவர் யாரைப் பற்றியும் நல்லவர், கெட்டவர் என்று சொல்லி நான் கேட்கவில்லை. தொலைக்காட்சியில் தலைவர்கள் வந்தால் எழுந்துபோய்விடுவார். பயணிகளைத் தள்ளிக்கொண்டு போவார், வருவார். வானுக்குள் மணிக்கணக்காக அமைதி. நானும் ராத்தாவும் சமையற்கூடத்துக் கதைகளைச் சொல்லி அதை நிரப்பிக்கொண்டு வருவோம். சில நாட்களில் அதுவும் முடியாது.

அக்காவின் மகன் உயிரோடு இருக்கிறானா என்று நான் ஒரேயொரு முறை அவரிடம் கேட்டேன். "அல்லாஹ்வுக்குத்தான் தெரியும்" என்று சொல்லிவிட்டு முகத்தை மற்றப் பக்கம் திருப்பினார். இத்தனை வருடம் அவரோடு போய்வந்த எனக்கு அந்தத் திருப்பல் போதும். நான் அதை அக்காவுக்குச் சொல்லவில்லை. அவள் கச்சேரி வாசலில், அரசாங்க அலுவலகத்துக்கு முன்னால், மகனுடைய படத்தை மடியில் வைத்துக்கொண்டு மற்றத் தாய்மாரோடு இருக்கப் போய்வந்துகொண்டிருந்தாள். தொலைபேசி எடுக்கும்போதெல்லாம், "வருவான் அக்கா, எங்கயாவது வைச்சிருப்பினம்" என்பேன். அவளும் "ஓமடி" என்பாள்.

சில வருடங்களில் நானாவுக்கு நெஞ்சில் வருத்தம் வந்தது. வேலையை விட்டார். ஒரு மார்கழி மாதம், அங்கே அடுத்த ஜனாதிபதித் தேர்தலுக்குச் சுவரொட்டி ஒட்டிக்கொண்டிருந்த நாட்களில், இறந்துபோனார். அடக்கத்துக்கு என் கணவரும் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு வந்தார். உறைந்து கட்டியாகக் கிடந்த மண்ணை மற்ற ஆண்களோடு சேர்ந்து கையால் அள்ளிப் போட்டார். வீட்டுக்கு வந்து கைகூடக் கழுவாமல் நெடுநேரம் கதிரையில் இருந்தார்.

நான் அக்காவுக்கு எடுத்துச் சொன்னேன். எங்கே அடக்கம் செய்தது என்று கேட்டாள். பிறகு, "அந்த மனிசன் ஒருத்தர்தான் எனக்கு நேர சொன்னவர்" என்றாள்.

"எதை?"

"அண்டைக்கு விசாரணை முடிஞ்சு வெளிய வரேக்க, மரத்துக்குக் கீழ நிண்டு கேட்டனான். என்ர பிள்ளை இருக்கிறானோ எண்டு. இல்லையெண்டுதான் நான் நினைக்கிறன், தங்கச்சி எண்டவர். சொல்லிப்போட்டு என்னோட அழுதவர். உனக்குத் தெரியவேண்டாமெண்டு நான்தான் அவரிட்டச் சொன்னனான்."

இவ்வளவு காலமும் நான் அவளுக்கு, வருவான் வருவான் என்று சொன்னதையெல்லாம் அவள் இதை வைத்துக்கொண்டுதான் கேட்டிருக்கிறாள்.

"அப்ப ஏன் அக்கா இன்னும் கச்சேரி வாசலில போய் இருக்கிறாய்?"

"இல்லையெண்டு நானாதானே சொன்னவர்" என்றாள் அக்கா. "பஸ்ஸில ஏத்திக்கொண்டு போனவை இன்னும் சொல்லேல்லை. அவை சொல்லட்டும்."